அறுநூறு மீட்டர் மண்பாதை

பூமயில் வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றபோது கருவேலேந்தல் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான். ரோடு போட்டுத் தருவேன். மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். மழை பெய்தால் மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீட்டரும் கரிசல் சகதி. நம்பி ஓட்டுப் போட்டார்கள்.

நான்கு வருடம் மனுவோடு அலைந்தாள். ரோடு வந்தது. ஊரிலிருந்து கிளம்பிய தார், மெயின் ரோட்டுக்கு அறுநூறு மீட்டர் இருக்கையில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வேறு ஊராட்சி.

"நம்ம எல்லை இம்புட்டுத்தான்க்கா. மிச்சத்த அவுங்கதான் போடணும்" என்று வேலை தொடங்குமுன்பே சொல்லியிருந்தார் ஊராட்சி செயலர் பாண்டித்துரை. "நீங்க தீர்மானத்துல கையெழுத்துப் போடலேன்னா இதுக்கு வந்த பணமும் திரும்பிப் போயிரும்."

பாதி வந்தால் மீதியும் வந்துவிடும் என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அவள் பதவி முடிய ஒரு மாதம் இருந்தபோது, கார்த்திகை மழையில், மிளகாய்க் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் முனியசாமியைக் கண்ணாடி விரியன் கடித்தது. காலை பத்து மணி. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றது. டிராக்டரில் தார் முடியும் இடம் வரை வந்தார்கள்; அதற்கு மேல் சக்கரம் சகதியில் புதைந்தது. அங்கிருந்து கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். சகதியில் இரண்டு தடவை கட்டில் சரிந்தது.

"இறக்கி விடுங்கப்பா, நான் நடந்து வாரேன்" என்றான் முனியசாமி. அதற்குள் அவன் கால் தூண்போல வீங்கியிருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க அரை மணி நேரம் ஆனது. முதுகுளத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

தை மாதம், குடியரசு தினத்தன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடியது. உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்திருந்தது; அடுத்த தேர்தல் அறிவிக்கப்படவில்லை. தலைவர் நாற்காலியில் அரசு நியமித்த தனி அலுவலர் இருந்தார். பூமயில் எழுந்து நின்றாள்.

"அந்த அறுநூறு மீட்டரத் தீர்மானத்துல எழுதுங்கய்யா."

"அது நம்ம ஊராட்சி இல்லையேம்மா."

அங்கிருந்து நேராகப் பக்கத்து ஊராட்சிக்கு நடந்தாள். அங்கேயும் கூட்டம் முடியவில்லை. அவள் பாதையைப் பற்றிச் சொல்லி முடிக்குமுன் ஒருவர் கேட்டார்: "ஒங்களுக்கு இங்கன ஓட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்ப இங்கன பேச முடியாதும்மா. அந்தப் பாதையில எங்க ஆளு யாரும் நடக்கவும் இல்ல."

வெளியே வந்தாள். தன் கையெழுத்துத்தான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த ஐப்பசியில் மேகம் கறுத்தபோது, பக்கத்து வீட்டு ஈஸ்வரிக்கு எட்டு மாதம். பூமயில் அவள் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"முதுகுளத்தூர்ல ஒரு ரூமு பாத்து இப்பவே போயிரு தாயி. மழை எறங்குனா ஒன்னத் தூக்கிட்டுப் போக ஏலாது."

"எப்பத் திரும்பி வரட்டும் சின்னம்மா?"

மறுநாள் ஈஸ்வரி துணிமூட்டையோடு கிளம்பினாள். அதற்கு மறுநாள், வீட்டில் நோயாளி இருந்த இன்னொரு குடும்பத்திடம் பூமயில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.