நான் பூசிய கிறீஸ்

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் செய்த இயந்திர வேலையை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டார். அந்த அநியாயக்காரர் வேறு யாருமில்லை, என் அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பிள்ளையின் உழைப்பை இப்படி அபகரிக்கலாமா என்று கேட்க அன்றைக்குத் திருகோணமலையில் ஒருவரும் இருக்கவில்லை. ஆகவே இப்போது நானே கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக ஒரு கார் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. யாரோ ஒரு ஜப்பான்காரர் ஓடி அலுத்துக் கழித்துவிட்ட கார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பா அதை ஞாயிற்றுக்கிழமைகளில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுவார். என்னைக் குளிக்கச் சொல்லி அம்மாதான் கத்த வேண்டும். அந்தக் கார் ஒருநாள் பிறேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சிடத் தொடங்கியது. சந்தியில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா குசினியில் சோற்றை இறக்கிவிடுவார்; அப்பா படலைக்கு வரவும் கோப்பையில் சோறு ஆறவும் சரியாக இருக்கும். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தது. காரை விற்ற கம்பனியின் கராச்சுக்குக் கொண்டுபோனார். அவர்கள் அவரைக் குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் இருத்தி, கடதாசிக் கப்பில் கோப்பி கொடுத்து, கழுத்தில் ரை கட்டிய ஒரு பொடியனை அனுப்பியிருக்கிறார்கள். பிறேக் பாட் தேய்ந்துவிட்டது. பாட் பிடிக்கிற டிஸ்க் தட்டும் சரியில்லை. அதைக் கழற்றுவதென்றால் இன்னொன்றையும் மாற்றுவது நல்லது. அந்த இன்னொன்றுக்குத் துணையாக வேறொன்று. அப்பா அவ்வளவையும் விலையோடு எழுதித் தந்த துண்டுக் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரேநாளில் ஓய்வூதிய வயதை எட்டியவராக வீடு வந்தார்.

அம்மா துண்டை வாங்கிப் படித்தார். பிறகு எங்கள் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்: "பிறேக் மாத்தக் கேட்டவங்களோ, காரையே மாத்தக் கேட்டவங்களோ?"

அப்போது வாசல்படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமா, "அத்தான், இது நாலு நட்டுக் கழட்டிப் பூட்டுற வேலை. பாட்டை மட்டும் வாங்கித் தாங்கோ, நான் செய்யிறன்" என்றார்.

மாமா உட்துறைமுகக் கரையில் ஒரு தகரக் கொட்டிலில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் வருவதற்கு முன்னமே மண்ணெண்ணெய் வாசம் வந்துவிடும். எந்த எஞ்சினும் அவர் கை பட்டால் பேசும். ஆனால் அதைச் சொல்ல ஒரு சேட்டிபிக்கற் கிடையாது. அப்பாவின் கணக்கில், கோப்பில் இல்லாத மனிதன் அரை மனிதன். கப்பல் திருத்தும் பட்டறை ஒன்றில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்தார். தன்னை அவரிடம் கூட்டிப்போகும்படி மாமா இரண்டு வருடமாக அம்மா மூலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் இரண்டு வருடமாகத் தலையை மேலும் கீழுமில்லாமல், பக்கவாட்டிலுமில்லாமல் ஒரு மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார்.

அன்று அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அந்தத் தலை ஆடுவது நின்றது. "சரி, இதைச் செய்து காட்டு. சரியா வந்தால் திங்கட்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்."

அந்த வெள்ளிக்கிழமை முழுநிலவுப் போயா விடுமுறை. மாமா காலையிலேயே வந்துவிட்டார். இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிய சட்டை போட்டிருந்தார். காருக்கு அடியில் படுக்கப்போகிற மனிதனுக்கு மினுக்கிய சட்டை எதற்கு என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொய்யாக் கிளையில் கவனமாக மாட்டிவிட்டு, என்னைத் தன் உதவியாளராக நியமித்தார். நியமனக் கடிதம் தரவில்லை. அதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

வலப்பக்க முன்சில்லை முதலில் செய்தோம். 'செய்தோம்' என்றுதான் சொல்வேன். சில்லைக் கழற்றினால் உள்ளே ஒரு பளபளத்த வட்டத் தட்டு. அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு பாட் இருந்து, இரண்டு கன்னத்தையும் பிடித்து அமத்துவதுபோல் தட்டைப் பிடிக்கும். இரண்டையும் நெருக்குவது ஒரு இரும்புக் கவ்வி. மாமா கவ்வியைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, பழைய பாட்டுகளை எடுத்து, புதியவற்றை அந்த இடத்தில் வைக்க எனக்குக் காட்டித் தந்தார். நெருப்புக்குச்சி நுனியில் துளி கறுப்புக் கிறீஸை எடுத்துப் பாட்டின் முதுகில் தொட்டுவைத்தார்.

"பின்பக்கம் மட்டும், மருமோள். மெல்லிசா."

எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.

இடப்பக்கத்துக்கு வந்து, பழைய பாட்டுகளை எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். பட்டறை வேலைக்கான விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்திருந்தார்; அதை அவர் சொல்லச் சொல்ல மாமா தன் கையெழுத்தில் நிரப்ப வேண்டுமாம். மாமா கையைச் சாம்பல் போட்டுக் கழுவி, கொய்யாக் கிளையிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். போகும்போது, "ஒண்டையும் தொடாதை, இந்தா வந்திட்டன்" என்றார். சன்னலுக்குள்ளால் பார்த்தேன். கதிரை நுனியில் இருந்து, நாக்கைக் கடித்தபடி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார்.

என் முன்னால் இரண்டு புதிய பாட்டுகளும் ஒரு ரின் கிறீஸும்.

இங்கே என் பக்க நியாயத்தைக் கேட்க வேண்டும். மாமாவின் கொட்டிலில் நான் எத்தனையோ பின்னேரங்கள் இருந்திருக்கிறேன். எஞ்சினைக் கொண்டுவருகிற ஒவ்வொரு வள்ளக்காரருக்கும் அவர் செய்யும் பிரசங்கம் ஒன்றே: "அண்ணை, உப்புக்காத்துக்குப் பல்லு இருக்கு. கிறீஸ் படாத இடத்தைப் பாத்துத்தான் கடிக்கும்." போல்ட்டுக்குக் கிறீஸ், பூட்டுக்குக் கிறீஸ், கொட்டில் கதவின் பிணைச்சலுக்கும் கிறீஸ். அவரே என் அப்பாவின் காருக்கு வந்ததும் நெருப்புக்குச்சியால் அளக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். தட்டைப் பிடிக்கிற பாட்டின் முகப்பக்கமோ வெறுமையாக, காய்ந்து, சொரசொரவென்று கிடந்தது. எந்த மனச்சாட்சியுள்ள உதவியாளராவது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

சுட்டுவிரலால் அள்ளிப் பூசினேன். பாணுக்கு மாஜரின் பூசுவதுபோல ஓரம் ஓரமாக, ஒரு இடம் விடாமல். பிறகு சமப்படுத்தினேன். கறுப்புப் பாட்டில் கறுப்புக் கிறீஸ். பூசியதே தெரியாத அளவுக்கு வேலை சுத்தம். மாமா காட்டியபடியே இரண்டையும் தட்டின் இரு பக்கமும் செருகிவைத்துவிட்டு, கையை உடுப்பில் துடைத்தேன்.

இன்றைக்கு என் காருக்கு நானே பாட் மாற்றுகிறேன். பாட்டின் முகத்தில் என் விரல் தெரியாமல் பட்டால்கூடத் துடைத்துவிட்டுத்தான் பூட்டுவேன். அன்றைக்கு அந்த அறிவு எனக்கு இருக்கவில்லை. தன்னம்பிக்கை மட்டும் இன்றைக்கு உள்ளதைவிட நிறைய இருந்தது.

மாமா விரலில் மை அப்பிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பாட் இரண்டும் இடத்தில் இருப்பதைக் கண்டு, "அட, கெட்டிக்காரி!" என்றார். அப்படியே கவ்வியை இறக்கி நட்டை இறுக்கினார். நான் செய்த கூடுதல் வேலையைச் சொல்ல வாய்வரை வந்தது. எல்லாம் முடிந்த பிறகு, எல்லாரும் இருக்கும்போது சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று விழுங்கிவிட்டேன்.

மிதிக்கட்டையை மாமா இருபது முப்பது தரம் மிதித்தார். வீட்டு வளவுக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். கீச்சென்ற சத்தம் போயே போய்விட்டது. இனிச் சோற்றை எப்போது இறக்குவது என்று அம்மா கவலைப்பட்டார். தெருவில் ஓட்டிப் பார்க்கும் உரிமையை அப்பா ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் மாமா, பின்னால், அடம்பிடித்து ஏறிய நான்.

கடற்கரை வீதிக்குத் திரும்பியதும் ஒரு மான் தெருவுக்கு நடுவில் வந்து நின்றது. எங்கள் ஊர் மான்களுக்குக் கார் என்றால் ஒரு பொருட்டே இல்லை. அவை தெருவைக் கடப்பதில்லை, தெருவில் குடியிருக்கின்றன. அப்பா பிறேக்கை அழுத்தி மிதித்தார். காரின் வலப்பக்கம் சொல்லுக் கேட்டு நின்றது. இடப்பக்கம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. விளைவாக முழுக்காரும் வலப்பக்கம் சுற்றி, தெருவைக் குறுக்கே அறுத்து, ஓரத்து மழைத்தண்ணிக் கானுக்குள் முன்சில்லை இறக்கிக்கொண்டு நின்றது. ஒரு லைட் நொறுங்கியது. அப்பாவின் நெற்றியில் தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம். எனக்கு ஒரு கீறலும் இல்லை. கார் சுற்றத் தொடங்கியபோதே மாமா பின்பக்கம் பாய்ந்து என் நெஞ்சைக் கையால் இருக்கையோடு அமத்திப் பிடித்திருந்தார். மான் ஒரு பாண் கடதாசியைச் சப்பிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அதே கம்பனிக்குப் போனோம். அதே கண்ணாடி அறை. நெற்றி வீக்கத்தோடு அப்பா, பக்கத்தில் அம்மா, அடுத்ததாக நான், சுவரோரக் கதிரையில் மாமா. நான் மானின் மீது கோபமாக இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கராச்சிலிருந்து ஒருவர் வந்தார். என் பாட் ஒன்றை வாலில் பிடித்த எலிபோல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து வேலையாட்கள், ரை கட்டிய பொடியன் உட்பட. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

"ஆரப்பா இந்தப் பிறேக்குக்குக் கிறீஸ் பூசினது?"

ஆகா, வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருவர் கேட்கிறார், ஐந்து பேர் சிரித்த முகமாக நிற்கிறார்கள், என் வேலையைக் கையில் தூக்கிக் காட்டுகிறார்கள். பரிசளிப்பு விழாவில்கூட எனக்கு இவ்வளவு கூட்டம் கூடியதில்லை. கதிரையிலிருந்து இறங்கினேன்.

மாமா பாட்டைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அப்பாவைப் பார்த்தார், அப்பா எழுந்து நின்று, கை மணிக்கூட்டுப் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மணிக்கூடு கழன்றால் அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மாமா எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். எனக்கு அவருடைய முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சபை என்னைக் காணக்கூடாதென்று மறைக்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

"நான்தான் பூசினனான்" என்றார். "வள்ளத்து எஞ்சின் பழக்கம். கை தன்பாட்டில போட்டுது."

அந்த அறையில் வெடித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அதைவிடச் சத்தமாக அப்பா, "பிள்ளை பின்னால இருந்ததடா! உனக்கு மூளை இருக்கோ?" என்றார்.

மூளையைப் பற்றிய விசாரணை நடக்கட்டும், என் வேலை என்னாவது? மாமாவின் இடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தேன். "பொய்! மாமா பொய் சொல்லுறார்! நான்தான் பூசினனான்! ரெண்டையும் நான்தான்!" பத்து விரலையும் விரித்துச் சாட்சிக்குக் காட்டினேன்.

அம்மா என்னை இழுத்துக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். "பாருங்கோ, மாமன் ஏச்சு வாங்கிறதைப் பிள்ளையால பொறுக்க ஏலாது."

ரை கட்டிய பொடியன் எனக்கு ஒரு ரொபி இனிப்புத் தந்தான். அப்பாவின் கை என் தலையைத் தடவியது. என் விரல்கள் சாட்சியாகவே எடுக்கப்படவில்லை. பிள்ளையைக் கொண்டு ஊத்தை துடைக்க வைத்தான் என்று மாமாவின் குற்றப்பத்திரிகையில் அதையும் சேர்த்தார்கள். நான் சொன்ன பொய்களுக்கெல்லாம் அடி வாங்கியிருக்கிறேன். உண்மை சொன்னதற்கு, அது பொய்யென்று நம்பி, நல்ல பிள்ளை என்று பெயர் தந்தது அந்த ஒருநாள்தான். இதில் உச்சம் என்னவென்றால், மாமாவும் சேர்ந்துகொண்டார். "ஓம் அக்கா, பாவம். என்னில சரியான பாசம்" என்றார், கூசாமல்.

கம்பனிக்காரர் முதல் துண்டில் எழுதிய எல்லாவற்றையும், அதில் எழுத மறந்தவற்றையும் சேர்த்து மாற்றினார்கள். அப்பா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை அப்பா கச்சேரிக்குப் போனார். மாமா கொட்டிலுக்குப் போனார்.

நான் மாமாவோடு கதைப்பதை நிறுத்தினேன். கச்சான் கடலைச் சுருளோடு வருவார். வாங்கித் தின்று முடித்துவிட்டுத்தான் கதைக்க மறுப்பேன். கொள்கை வேறு, கச்சான் வேறு. அந்தப் படிவத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அது நினைவில்லை. என் வழக்கு ஒன்றே எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மாமா தோளில் பையோடு வந்தார். புல்மோட்டையில் வள்ளங்கள் கூடவாம், ஆனால் எஞ்சின் பார்க்க ஆளில்லையாம். அங்கே போய் இருக்கப் போகிறாராம். அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தவரைப் படலையில் மறித்தேன்.

"ஆர் பூசினது?"

அவர் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்தார். "நீதான். நல்ல வடிவாப் பூசியிருந்தாய்."

"அப்ப அதை அப்பாட்டப் போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னா?"

"சொன்னா எனக்கும் வேலை தெரியும் எண்டு அவருக்குத் தெரியும்."

மாமா தோள் பையைச் சரிசெய்தார். பிறகு சிரித்தார். பஸ் போய்விடும் என்று சொல்லி, என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு நடந்தார். பதில் இல்லாதபடியால்தான் ஓடுகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. விடுவேனா? படலையில் ஏறி நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, "கள்ள மாமா! கள்ள மாமா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பாமலே ஒரு கையை மேலே தூக்கிக் காட்டினார். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, வெற்றியோடு இறங்கிச் சாப்பிடப் போனேன்.