பால் குடித்த ஆறு

ஆற்று மாசுத் தடுப்பு அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மோப்பக்கா. பாட்டில் மூடியைத் திறந்து ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோனால் போதும்; இது சாக்கடை, இது சாயம், இது வயலில் அடித்த மருந்து என்று சொல்லிவிடுவாள். ஆய்வுக்கூடத்தில் அரை நாள் மல்லுக்கட்டிய பிறகு கருவிகளும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது. வருத்தமெல்லாம் பேருந்து ஓட்டும் அவள் கணவனுக்குத்தான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு யாரோட சிகரெட்?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"நான் வீட்டுக்கு வர்றேனா, ஆய்வுக்கூடத்துக்கு வர்றேனா?" என்று தலையில் அடித்துக்கொள்வான். மறுநாளும் மாட்டிக்கொள்வான்.

வேலையில் சேர்ந்த புதிதில், முதல் முறை தண்ணீர் எடுக்கப் போனவள் படித்துறைப் பாசியில் வழுக்கி, கையில் பாட்டிலோடு ஆற்றுக்குள் போய்விட்டாள். படகில் வந்த மீன்காரர் ஒருவர் துடுப்பை நீட்டிக் கரையேற்றினார். "தண்ணி எடுக்க வந்தியா, குடிக்க வந்தியாம்மா?" என்று அவர் கேட்டதும், சொட்டச் சொட்ட நின்றபடியே அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவர் அவளுக்கு வலைக்கார அண்ணன். அவள் அவருக்குத் தங்கச்சி. ஆற்றில் ஏதாவது நிறம் மாறினால், நுரை வந்தால், முதல் தகவல் அவரிடமிருந்துதான் வரும்.

அந்தக் கோடையில் ஒரு காலை அவர் குரல் வழக்கம்போல இல்லை. "தங்கச்சி, உடனே வா. மீனெல்லாம் செத்து மிதக்குது."

அவளுக்கு அன்று நல்ல ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்து, கண்ணில் நீர் வழிய, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

பாலத்தின் கீழே ஆறு வெள்ளி வயிறுகளாக மிதந்து வந்தது. சாகாத மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. கரையில் ஊரே கூடியிருந்தது. பாதிப் பேர் கையில் கம்பு. பாலத்தைத் தாண்டி, ஆறு கீழே வளையும் இடத்தில் இருந்த சாயப்பட்டறையைக் கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை என்று நின்றார்கள். வலைக்கார அண்ணனின் கண்கள் சிவந்திருந்தன. அவர் கையிலும் ஒரு கம்பு. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் கருவியின் கம்பியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தாள். தண்ணீரில் காற்று அநேகமாக இல்லவே இல்லை.

"மூச்சு முட்டிச் செத்திருக்கு" என்றாள்.

"சாயக்காரன் செஞ்ச வேலைதான்!" என்று ஒரு கம்பு உயர்ந்தது.

"அவன் யோக்கியன்னு நான் சொல்லல. போன வருஷம் அவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவளே நான்தான். ஆனா பட்டறை கீழ இருக்கு, செத்த மீன் மேலேர்ந்து வருது. அவன் விட்ட தண்ணி ஆத்துல எதிர்நீச்சல் போட்டு மேல போச்சா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். கம்புகள் மெல்லத் தரைக்கு இறங்கின. வலைக்கார அண்ணன் முன்னால் வந்து, "அப்ப மேல போய்ப் பார்ப்போம்" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

வழியில் இடம் இடமாக நிறுத்தி, கம்பியை இறக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஊருக்கு மேலே ஒரு சிறு வாய்க்கால் ஆற்றில் வந்து சேர்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஆறு தெளிவாக இருந்தது. குஞ்சு மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடின. இந்தப் பக்கம் சாவு. வாய்க்காலுக்குள் இறங்கினால் கற்களின் மேல் நனைந்த பஞ்சைப் போலச் சாம்பல் நிறப் படலம். ஓரத்தில் புதர் மறைவில் ஒரு குழாய் வாய்.

சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் பேசாத ஜீப் டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மேடம், புளிச்ச பால் வாசனை குடலைப் புடுங்குது."

அவள் குழாய்க்குள் முகத்தை நுழைக்காத குறையாகக் குனிந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

வலைக்கார அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ஊர்ல உள்ள வாசனையெல்லாம் தெரியும். இது மட்டும் தெரியலையாக்கும்."

சுருக்கென்றது. அந்தப் பக்கத்தில் இருக்கிற பால் பண்ணை ஒன்றே ஒன்றுதான். அதன் மேனேஜர் அவளுடைய சொந்தத் தம்பி. அது ஊருக்கே தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது. தும்மி முடித்தும் அவர் பார்வை மாறவில்லை. இத்தனை வருடத்துப் பழக்கம் ஒரு ஜலதோஷத்தில் போய்விடும் போலிருந்தது.

அங்கிருந்தே அவள் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், இது என் தம்பி வேலை பார்க்கிற இடம். வேற யாரையாவது அனுப்புங்க."

"வேற ஆள் இருந்தா உன்னை எதுக்கும்மா சளியோட அலைய விடுறேன்? சாட்சிக்கு ஆள் வச்சுக்கிட்டுச் செய்."

அவள் போனை வைத்துவிட்டு வலைக்கார அண்ணனைப் பார்த்தாள். "வாங்கண்ணே. நீங்கதான் சாட்சி."

தம்பி வாசலுக்கே வந்து, "அக்கா, வா வா! என்ன மூக்கு தக்காளி மாதிரி இருக்கு?" என்று வரவேற்றான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "பால்ல என்ன விஷமா இருக்கு? குழந்தை குடிக்கிறது, மீன் குடிச்சா சாகுமா?"

"மீன் குடிச்சுச் சாகலடா. ஆத்துல பால் விழுந்தா கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கெல்லாம் விருந்து. அதுங்க தின்னு பெருகித் தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் இழுத்துடும். மீனுக்கு மூச்சுவிட மிச்சம் இருக்காது."

"எங்க கழிவெல்லாம் சுத்தம் பண்ற தொட்டிக்குத்தான் போகுது. வரைபடம் எடுத்துட்டு வரச் சொல்லட்டா?"

"படம் வேணாம். பின்பக்கத்துல பால் டேங்க் கழுவுற இடத்தைக் காட்டு."

அங்கே தரையில் ஒரு வடிகால். அவள் பையிலிருந்து செந்நிறப் பொடி ஒன்றை எடுத்து அதில் தூவினாள். தண்ணீர் போகும் வழியைக் காட்டிக்கொடுக்கும், யாருக்கும் தீங்கு செய்யாத சாயப்பொடி. தண்ணீரைத் திறந்துவிட்டதும் பளீரென்ற பச்சையாக மாறிச் சுழன்று உள்ளே போனது. பிறகு எல்லோரும் வாய்க்காலுக்கு நடந்தார்கள். தம்பி வழியெல்லாம் வலைக்கார அண்ணனிடம் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டு வந்தான்.

குழாயில் வெறும் தண்ணீர் சொட்டியது. தம்பி அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். டிரைவர் தனக்குப் பசிக்கிறது என்றார். அவளுக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. தவறாக இருந்தால் நல்லது என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது.

அப்போது வந்தது. கிளிப்பச்சை. முதலில் ஒரு நூலாக, பிறகு ஒரு பட்டையாக, வாய்க்கால் முழுவதும் பரவி ஆற்றுக்குள் ஓடியது.

தம்பி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். "முந்தாநாள் குளிர்பதன மிஷின் கெட்டுப்போச்சு. டேங்க் பால் அத்தனையும் திரிஞ்சிடுச்சு. வடிகால்ல ஊத்துங்கடான்னு நான்தான் சொன்னேன். தொட்டிக்குப் போகுதுன்னு நெனச்சேன்க்கா."

புதிய குளிர் அறை கட்டியவர்கள் வடிகாலைத் தொட்டியில் சேர்க்காமல் மழைநீர்க் குழாயில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"பார்த்திருக்கணும்" என்றாள். தம்பி தலையாட்டினான்.

வலைக்கார அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "மூக்கைத் துடை தங்கச்சி. நெசமாவே சளிதான் போல." அவருக்கு மன்னிப்புக் கேட்க அதற்கு மேல் தெரியாது. அவளுக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவன் மேலயே ரிப்போர்ட் எழுதுவியாடி? உனக்கு மனசா, கல்லா?"

"அம்மா, அவன் கொன்ன மீனையெல்லாம் கூடையில அள்ளி உன் வாசல்ல கொட்டட்டா?"

"அதெல்லாம் வேணாம். நாத்தம் தாங்காது" என்று அம்மா போனை வைத்தாள்.

ரிப்போர்ட் போனது. பண்ணைக்காரர்கள் அபராதம் கட்டினார்கள், மீன்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள், தரையைப் பெயர்த்துக் குழாயை மாற்றினார்கள். தம்பி மட்டும் அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். குடும்பத்தில் நடந்த ஒரு பிறந்தநாளுக்கு வந்தவன், எதிரில் இருந்த அவளிடம் கேட்காமல், "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்று அவள் கணவனிடம் சொன்னான். கணவன் உப்பைத் தள்ளிவிட்டு, "இந்த ரூட்ல எனக்கு டூட்டி போடலையே" என்றான். தம்பி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான், புரையேறியது. அவன் தலையில் தட்டியவள் அவள்தான்.

மழை வந்து ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. மேலிருந்த குஞ்சுகள் கீழே இறங்கின. வலைக்கார அண்ணன் படகில் இருந்தபடியே, "வந்துடுச்சு தங்கச்சி, சுண்டுவிரல் சைசுல வந்துடுச்சு!" என்று போனில் கத்தியதில் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அதே வாரம் தம்பி கையில் ஒரு பாட்டிலோடு அலுவலகத்துக்கு வந்து நின்றான். தொட்டியில் சுத்தமாகி வெளியே வரும் தண்ணீராம். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு வாசனையும் இல்லை. சளியும் இல்லை. இருந்தாலும் கருவியில் போட்டுப் பார்த்தாள்.

"எப்படி?" என்றான், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவனைப் போல.

"பாஸ். ஆனா கழிவு இன்னும் கொஞ்சம் குறையணும்."

"பாஸ்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் கொடேன். அம்மாகிட்ட காட்டணும்."

"குறைச்சுட்டு வா, எழுதித் தர்றேன்" என்று அவள் பாட்டிலைக் கழுவி அவன் கையில் கொடுத்தாள்.