அக்காவின் அழிரப்பர்

நான் வேலை செய்யும் மேசையின் இழுப்பறையில் பாதி தேய்ந்த அழிரப்பர் ஒன்று கிடக்கிறது. ஒரு முனை மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். வேறு யாராவது பார்த்தால் குப்பையில் போட்டுவிடுவார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வில் தோற்று, மறுபடி எழுதுவதற்காகச் செங்கல்பட்டில் பயிற்சி வகுப்புக்குப் போன வருடம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுடையது அது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது பெரியவள். நான் பக்கத்து அரசுக் குடியிருப்பு. இருவருக்கும் ஒரே பஸ். நான் தோற்றது ஒரு முறை, அவள் இரண்டு முறை. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று அவள் வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த நெருக்கடியெல்லாம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, எனக்கு வாய் மட்டும் நீளம்.

வாராவாரம் மாதிரித் தேர்வு நடக்கும். நிஜத் தேர்வில் பேனா, வகுப்பில் பென்சில். சார் விடைகளை வாசிக்கும் முன் ஐந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் எல்லோரும் அக்கம்பக்கம் விசாரித்துத் திருத்திக்கொள்வோம். சாரும் கண்டுகொள்ள மாட்டார். ஒருநாள், காற்றுப்பை இல்லாத மீன் எது என்று ஒரு கேள்வி. அக்கா சுறாவைக் குறித்திருந்தாள். "சுறாவா? அவ்வளவு பெரிய உடம்பு காத்துப்பை இல்லாம எப்படிக்கா மிதக்கும்? கடல்குதிரைதான்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுறாவை அழித்துவிட்டுக் கடல்குதிரையை நிரப்பினாள். விடை சுறா.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் அம்மா மீன் விற்பவள் ஆயிற்றே!

"சுறா அறுத்திருக்கியாக்கா?"

"சின்ன வயசுலேர்ந்து அறுத்துகினுதான் கீறேன்."

"அப்புறம் ஏன் அழிச்ச?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ இங்கிலீஷ் மீடியம். நீ சொன்னா கரீட்டா இருக்கும்னு நெனச்சிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. தெரியாததை நான் தெரிந்த மாதிரிச் சொன்னேன், தெரிந்ததை அவள் தெரியாத மாதிரி அழித்தாள். இது எப்படி நடக்கிறது என்று அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுறா அறுப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவள் வீட்டுக்கே போய்விட்டேன். முதலில் ஒரு சங்கரா மீனைக் கீறினாள். உள்ளே வெள்ளை பலூன் மாதிரிக் காற்றுப்பை. அடுத்து ஒரு சுறாக்குட்டி. பையும் இல்லை, ஒன்றும் இல்லை. வயிறு முழுக்க ஈரல்தான். "இம்மாம் பெரிய ஈரல் இதுக்கு இன்னாத்துக்கு? ஒம் புக்குல இன்னா போட்டுகீது?" என்றாள். என் புத்தகத்தில் ஒன்றும் போடவில்லை. எங்கெங்கோ தேடிய பிறகுதான் தெரிந்தது: அந்த ஈரல் எண்ணெய்தான் சுறா மூழ்காமலிருக்க உதவுகிறதாம். நான் வாய் கிழியக் கேட்ட கேள்விக்குப் பதில் இத்தனை வருடமும் அவள் அரிவாள்மணையில் இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளுடைய பழைய விடைத்தாள்களை எடுத்துப் பரப்பினோம். அழித்த தடம் இருந்த இடங்களிலெல்லாம் பெரும்பாலும் முதலில் குறித்ததுதான் சரி. அக்கா தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அழிரப்பரை என் கையில் திணித்தாள். "நீயே வச்சிக்கோ. எனுக்கு வாணாம்."

அதற்குப் பிறகு அந்த ஐந்து நிமிடமும் விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். திமிர் என்றார்கள். நான் கேட்டாலும் அதே கதைதான். "சொல்ல மாட்டேன், போடி!"

அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பொறாமைப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இரண்டு நாள் அழுதேன். பிறகு ஆய்வகப் படிப்பு படித்தேன். இன்று அவள் டாக்டராக இருக்கும் மருத்துவமனையில்தான் நான் ரத்தப் பரிசோதனை செய்கிறேன்.

போன வாரம் அக்கா பார்க்கும் ஒரு குழந்தைக்கு விடாத காய்ச்சல். நுண்ணோக்கியில் ஒரே ஒரு மலேரியாக் கிருமி தெரிந்த மாதிரி இருந்தது. உடனே முடிவு காட்டும் கார்டு டெஸ்டில் ஒன்றும் வரவில்லை. கிருமி இல்லை, ரத்தத்துக்குப் போட்ட சாயத்தின் தூசு என்றார் சீனியர். குறித்ததை அடிக்கப் பேனாவை எடுத்தபோது முடிவு கேட்டு அக்காவின் போன். சீனியர் சொன்னதையும், குறித்ததை அடிக்கப் போவதையும் சொன்னேன்.

"அவரு சொல்றது இருக்கட்டும். நீ இன்னா பாத்த?"

"கிருமிதான்க்கா. நல்லாப் பாத்தேன்."

"அப்போ ஏன்டி அழிக்கிற?"

பேனாவை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். அழிரப்பர் அங்கேதான் கிடந்தது. மூடிவிட்டு, கண்ட கிருமியை அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.