மஞ்சளில் நீலப் புள்ளி

வெண்டைக்காய் ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்து, கடையின் பச்சைத் தார்ப்பாய்க்கு வெளியே வந்து, நடுச்சந்தில் நின்று வெயிலில் திருப்பிப் பார்க்கிறார் தபதி சாமந்தா. பின்னால் ரிக்‌ஷா மணி அடிக்கிறது.

"தினம் இதே வெண்டை, இதே வெயில். இன்னும் என்ன தீதி பாக்குறீங்க?" என்கிறார் காய்கறிக்காரர்.

"பச்சைத் துணிக்கு அடியில வெச்சா என் மூஞ்சிகூட இளசாத்தான் தெரியும்."

முற்றிய இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சியால்தா ஸ்டேஷனை ஒட்டிய பைட்டக்கானா சந்தில் கௌர் பாபுவின் டிஜிட்டல் அச்சகத்துக்குள் நுழைகிறார். எதிர்க்கடையில் நான் பைண்டிங் செய்கிறேன். சந்தில் எல்லோருக்கும் போல எனக்கும் அவர் தீதி, அக்கா. டீக்காரனிடம் அவர் சொல்வது இங்கே வரை கேட்கும்: "இஞ்சி, ஏலக்காய் போட்டு எதையும் தேத்தாத. மட்டமா இருந்தா மட்டமாவே குடு."

நிறங்களை யாரும் திருத்தாமல் தாளுக்கு அனுப்புவதுதான் தீதியின் வேலை. எந்தப் பச்சைக்கு எவ்வளவு மை என்று, அச்சடிக்கப்போகும் தாளிலேயே முன்கூட்டி அடித்து, அளந்து, அவரே முடிவு செய்துவிடுவார். ஆனால் வரைகிற மென்பொருள் கொஞ்சம் திருத்தப் பார்க்கும், கணினி கொஞ்சம், கடைசியில் பிரிண்டர்.

"கல்யாண வீட்டு அண்டால வர்றவன் போறவன் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் உப்பு போடுற கதை," என்பார். "ஒவ்வொருத்தனையும் தனித்தனியா வெளிய தள்ளணும். தள்ளினாலும் பின்வாசல் வழியா வருவான்."

அதனால் 'திருத்தம் வேண்டாம்' என்று திரை சொல்வதை அவர் நம்புவதில்லை. தாளின் ஓரத்தில் வெறும் மஞ்சள் மையால் ஒரு கட்டம் வைப்பார். அடித்ததும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். மஞ்சளுக்குள் ஒரு நீலப் புள்ளி தெரிந்தாலும் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் பர்த்தமானிலிருந்து மிருணாள் பேரா வந்திருந்தார். வேளாண்மை ஊழியர். நெல் இலையோடு ஒப்பிட்டு யூரியா போடலாமா என்று பார்க்கும் அட்டை வேண்டும். மறுநாள் காலை விவசாயிகள் கூட்டம்.

"போன தடவை வேற கடையில கரும்பச்சையா அடிச்சுட்டான் தீதி. நல்ல பயிர்கூட அதுக்குப் பக்கத்துல வெளிறித் தெரிஞ்சுது. கொட்டினாங்க யூரியாவை. என் மாமா வயல் மொத்தமும் சாஞ்சு போச்சு. இன்னும் வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறார்."

காலையில் மஞ்சள் கட்டம் சுத்தமாக இருந்தது. தீதி சாப்பிட்டு வந்து மொத்தத்தையும் அடித்தார். கட்டின் மேல்தாளைக் கண்ணாடியில் பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"கௌர் பாபு, நான் இல்லாதப்ப என்ன அடிச்சீங்க?"

"மச்சான் கல்யாணப் பத்திரிகை. ஒரே ஒரு மாதிரிதான். கொஞ்சம் பளிச்சுனு வரட்டும்னு..."

பிரிண்டர் அந்தப் பளிச்சை அப்படியே ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தது. திரையில் மட்டும் இன்னும் 'திருத்தம் வேண்டாம்'.

"இதுவும் பச்சைதானே தபதி? பாக்க இன்னும் நல்லா இருக்கு. அவருக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"உங்க மச்சான் பொண்டாட்டிக்கு நல்லா இருக்கட்டும். நெல்லுக்கு எதுக்கு?" என்று கண்ணாடியை மிருணாளிடம் நீட்டினார் தீதி. "நீயே பாரு. திரும்ப அடிச்சா இந்த ரயில் போயிடும்."

மிருணாள் குனிந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"அடுத்த ரயில்ல போயிக்கிறேன். நின்னுக்கிட்டே போனாலும் பரவாயில்லை. இதைக் கிழிங்க தீதி."

கௌர் பாபு தாளின் விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்க, தீதி பிரிண்டருக்குள் போய்த் திருத்தத்தை அணைத்து, ஒரு தாள் அடித்துக் கண்ணாடியில் பார்த்தார். மிருணாளும் பார்த்தார். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. மொத்தத்துக்கும் உத்தரவு கொடுத்துவிட்டு, கணினியிலிருந்து மவுஸைப் பிடுங்கினார் தீதி. கைப்பையில் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.