பால்குடமும் இரண்டு கோடுகளும்

அதிகாலை நான்கு மணி ஐம்பது நிமிடம். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் ஸ்கூடாயில், எங்கள் வீட்டுக் குளியலறையில், முகம் கழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்திருந்த பிளாஸ்டிக் குச்சியில் இரண்டு இளஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. இரண்டாவது கோடு முதல் கோட்டைவிட அடர்த்தி. இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர், தலையில் ஹெல்மெட்டோடு எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கோடா? அலமாக்! நமக்கு இந்த வயசுலயா?"

"ஐயோ, அது இல்லங்க. இது நின்னுபோச்சான்னு பாக்கிறது."

"எது நின்னுபோச்சு?"

"போங்க லா, பாலத்துல ஜாம் ஆயிடும்."

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. சில மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. அது நிற்கும் காலத்தில் உடலில் ஒரு ஹார்மோன் கூடும், காலைச் சிறுநீரில் அதைக் கண்டுபிடிக்கலாம் என்று பார்மசியில் வாங்கிய பெட்டியில் போட்டிருந்தது. இரண்டாவது கோடு அடர்த்தியாக விழுந்தால் ஹார்மோன் கூடியிருக்கிறது என்று பொருள்.

எனக்கு இதைத் தெரிந்துகொள்ளும் அவசரம் இருந்தது. முந்தைய ஆண்டு கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஐ.சி.யூ.வில் கிடந்தபோது, சிகாமட்டில் அவருடைய ஊர் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அவர் பிழைத்துவிட்டார். வேண்டுதல் பாக்கி. மாதவிலக்கானால் கோயிலுக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். திருவிழா நேரத்தில் அதைத் தள்ளிப்போடப் பெண்கள் மாத்திரை போடுவதுண்டு. இளவயதில் நானும் போட்டிருக்கிறேன். இந்த முறை மாத்திரை தேவையா என்பதுதான் கேள்வி.

சிகாமட்டில் இருக்கும் நாத்தனாருக்கு போன் செய்து கோடுகளைப் பற்றிச் சொன்னேன்.

"அப்புறம் என்ன, ரிட்டையர்மென்ட் கெடச்சிருச்சு! மாத்திரையெல்லாம் வேணாம், தைரியமா பேரக் குடு," என்று சிரித்தார்.

கோயிலில் பெயர் கொடுத்தேன். நானும் கணவரும் விரதம் தொடங்கினோம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கும்படி பெட்டியில் இன்னொரு குச்சியும் இருந்தது. பார்த்தேன். இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி இழையாக விழுந்தது. விளக்கடியில் பிடித்தேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். புதிதாக ஒரு பெட்டி வாங்கினேன். அதில் மறுபடி அடர்த்தி. எந்தக் காலையை நம்புவது? உடம்பைக் கேட்கலாம் என்றால் அதுவும் ஒரே பேச்சாக இல்லை. ஒரு நாள் ஏர்கோனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது. மறுநாள், வழக்கமாக மாதவிலக்குக்கு முன் வருவதுபோல் இடுப்பு வலித்தது.

குழப்பம் தாங்காமல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் இளம்பெண்.

"குச்சி பொய் சொல்லலக்கா. அன்னிக்குக் காலையில இருந்தத சொல்லுது. இந்த வயசுல ஹார்மோன் ஏறும், எறங்கும். முழுசா ஒரு வருஷம் வராம இருந்தாத்தான் நின்னுபோச்சுன்னு நாங்க சொல்வோம்."

"அப்ப திருவிழாவுக்குள்ள வருமா, வராதா?"

"அது எனக்கும் தெரியாதுக்கா."

என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, தள்ளிப்போடும் மாத்திரையும் தர மாட்டேன் என்றார். பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

திருவிழா அன்று காலை, நாத்தனார் வீட்டில் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. அறைக் கதவைத் திறந்து சொன்னேன். நாத்தனார் என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

கணவர்தான் முதலில் பேசினார். "எனக்காக வேண்டுனதுதானே? நானே எடுக்குறேன். நானும்தான் விரதம் இருந்தேன்."

"தோள்ல பிளேட் வச்சிருக்குடா. கையத் தூக்க முடியுமா?" என்றார் நாத்தனார்.

"குடம் தலையில தானே இருக்கு? பிடிக்க ஒரு கை போதும் லா."

கோயில் வாசலுக்கு வெளியே, கார்கள் நிறுத்தும் இடத்தில் நான் நின்றேன். மேளச் சத்தத்துக்கு நடுவே ஊர்வலம் வந்தது. இடக் கையால் மட்டும் குடத்தைப் பிடித்தபடி, கழுத்தைச் சற்றே சாய்த்து அவர் நடந்தார். என்னைத் தாண்டும்போது கண்ணால் சிரித்தார். நான் வேண்டிய உயிர், என் குடத்தைத் தானே சுமந்துகொண்டு உள்ளே போனது. வேண்டுதலை நான் முடித்தேனா, அவர் முடித்தாரா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இன்றும் யாராவது கேட்டால் ஒரு பதிலில் நிற்க முடிவதில்லை.

அதன் பிறகு இன்றுவரை எனக்கு மாதவிலக்கு வரவில்லை.