டூர் கஜேந்திரனின் விசில்

காலையில் ஆபீஸ் பஸ் நாவலூர் தாண்டும்போது மெசேஜ் வந்தது. டூர் கஜேந்திரன் போய்விட்டார்... தூக்கத்திலேயே.

டூர் போனவர்களின் வாட்ஸ்அப் குரூப் முழுக்கக் கைகூப்பிய படங்கள். "தங்கமான மனுஷன்" என்று ஒருவர். "எத்தனை ஊரைக் காட்டினார்" என்று இன்னொருவர்.

காட்டினாரா? படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிகிறது.

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். மன்னிக்கவும், அந்த நல்ல பழக்கம் எனக்கு வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மறைமலைநகரில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில்தான் கஜேந்திரனும், ஸ்டோர்ஸ் செக்‌ஷன். லீவு விட்டால் எல்லோரையும் டூர் கூட்டிப் போவார். கழுத்தில் விசில். கூடவே ஒரு சமையல்காரர், குக்கர், அரிசி மூட்டை.

எந்த ஊரில் இருந்தாலும் மதியம் சுடச்சுட நம்ம சாப்பாடு... அதுதான் அவருடைய பெருமை.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஸ்கூல் படிக்கும்போது, மாமல்லபுரம் கூட்டிப் போனார். இந்தா இருக்கிற மாமல்லபுரத்துக்கும் குக்கர் வந்தது!

அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று, அந்தத் தவம் செய்யும் பூனையைத் தேடிக்கொண்டிருந்தேன். காதுக்குப் பக்கத்தில் விசில்.

"பாப்பா, கல்லு எங்கியும் ஓடிப் பூடாது. சோறு ஆறிப் பூடும், வா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பூனையை அன்றைக்குப் பார்க்கவில்லை.

அப்பா ரிட்டயர் ஆன வருடம், கஜேந்திரன் முதல் முறையாக ஃபாரின் டூர் போட்டார். மலேசியா, அதில் குச்சிங். மழைக்காட்டுக்கு நடுவில், ஆற்றங்கரையில் ஒரு ஊர். மியூசியம், பழங்குடிகளின் நீளமான மரவீடு, இந்தியத் தெரு என்று நோட்டீஸில் அடித்திருந்தார்.

அந்த இந்தியத் தெருவுக்காகத்தான் அப்பா பேர் கொடுத்தார்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, செய்யூரிலிருந்து போய்க் கப்பல் ஏறியவர். அந்தத் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து, அங்கேயே செத்துப்போனார். அண்ணன் கப்பல் ஏறியபோது அப்பா சின்னப் பையன்... முகமே மறந்துவிட்டது, நின்ற இடத்தையாவது பார்க்கணும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

நான் போகவில்லை. கூடப் போன அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மியூசியத்தில் நேரமாகிவிட்டது. குச்சிங் என்றாலே பூனையாம், ஊர் நடுவில் இருக்கும் பூனைச் சிலை முன்னால் குரூப் போட்டோவுக்கு மட்டும் நேரம் இருந்தது! பஸ் அந்தத் தெருமுனைக்கு வந்தபோது, ஹோட்டலிலிருந்து சமையல்காரர் போன். வத்தக்குழம்பு ரெடி.

உடனே விசில்.

"இன்னா கஜா, இந்தத் தெருவுக்காகத்தானே நான் வந்ததே... அஞ்சு நிமிசம் எறங்கிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார் அப்பா.

"அண்ணாத்த, வெறும் கடைத்தெரு இது. செங்கல்பட்டு பஜார்ல இல்லாதது இன்னா கீது இங்க? குந்து. அல்லாரும் பசியில கீறாங்க."

"நீங்க போங்கப்பா. நான் நடந்தே வந்துர்றேன்."

"நீ காணாப் பூட்டா உன் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது? சாயங்காலம் இட்டாறேன், குந்து."

பின் சீட்டிலிருந்து "பெருசு, பசிக்குது" என்று குரல் வந்ததாம். அந்தக் குரல்கள்தான் இன்றைக்கு "தங்கமான மனுஷன்" என்று எழுதுகின்றன.

கதவைச் சாத்தினார்கள். அப்பா கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். நாலைந்து கடை போர்டு... அவ்வளவுதான், பஸ் திரும்பிவிட்டது.

சாயங்காலம் பேய் மழை. மறுநாள் விடியற்காலையில் ஃபிளைட்.

அன்று மதியம் அப்பா சோற்றில் கையே வைக்கவில்லை. கஜேந்திரன் தேடி வந்து அப்பளம் வைத்துவிட்டுப் போனாராம். அப்பளம்!

அப்பா போய்ப் பல வருடமாகிறது. கடைசி வரைக்கும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது.

இன்று மதியம் எடுக்கிறார்கள். அவர் மகனுக்கு போன் பண்ணினேன்.

"சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்கறோம்க்கா. வந்தவங்கல்லாம் பசியில இருப்பாங்க" என்றான். அப்படியே அப்பன் புத்தி.

போங்க அங்கிள்... அங்கே எங்கப்பா அவர் அண்ணனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் விசில் மட்டும் அடித்துவிடாதீங்க.