வெள்ளைத் துணி

ஆம்பூர் தோல் ஃபாக்டரியில் என் வேலை, முடித்த தோலை வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது.

போன மாதம் எங்கள் ஃபாக்டரி ஃபுட்பால் டீமுக்காக, பல நாடுகளில் ஆடிய கானா நாட்டுக்காரர் ஒருவர் வந்தார். இடது ஓரத்தில் பறந்து ஓடி, எங்களை ஜெயிக்க வைத்தார். கோப்பை கைக்கு வந்ததும் சூப்பர்வைசர், தோலைச் சோதிக்கும் அதே வெள்ளைத் துணியால் அவர் கையைத் தேய்த்தார்.

"இருடா, சாயம் போவுதான்னு பாக்குறேன்."

"இன்னா சார், குவாலிட்டி ஓகேவா?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அருவருத்தது. கானாக்காரரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

சென்னையில் ஆடிப் பழகிய தமிழில் அவர் சொன்னார்: "எல்லா நாட்லயும் தேய்ச்சாங்க அண்ணா. போகல."

மறுநாள் வேலைக்கு அந்தத் துணியை எடுத்ததும் குமட்டியது. தோல் நாற்றத்துக்கு எனக்கு ஒருநாளும் குமட்டியதில்லை.